நூறு சதம் பொருந்தும்

புதுச் சிப்பு வந்த உறையின் மேல் பச்சை எழுத்தில் "நூறு சதம் பொருந்தும்" என்று போட்டிருந்தது. முதல் நாள் நல்லசிவம் அந்த உறையைக் கசக்கி எறிந்தான். மறுநாள் மனசு கேட்காமல் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, நீவி, மேசை விளக்குக்குக் கீழே ஒட்டி வைத்தான். திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டுமல்லவா? ஆறு நாளாக அதைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான்.

கோயம்புத்தூர் காட்டூரில், பம்ப்செட் பட்டறைகளுக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. அங்கே உட்கார்ந்து நல்லசிவம் செய்யும் வேலையை ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. காசு போட்டால் ஆடலாம் என்று அந்தக் காலத்தில் ஆள் உயரப் பெட்டிகளில் வந்ததே வீடியோ விளையாட்டு, அதன் சர்க்யூட் பலகைகளை அவன் பழுது பார்க்கிறான். இப்போது மேசையில் கிடப்பது எண்பது வருஷத்துப் பழசு. ஒரு நண்டு சுவரில் ஏற வேண்டும், மேலிருந்து கல் விழும், கல்லுக்குத் தப்பி உச்சிக்குப் போக வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

பலகையின் பழைய பிராசசர் சூடேறிச் செத்துப்போயிருந்தது. செய்த கம்பெனியே இப்போது கிடையாது. கிடைப்பதெல்லாம் பிற்காலத்தில் வந்த மாற்று. அதே நாற்பது கால், அதே ஐந்து வோல்ட், அதே அளவு. செருகினால் நண்டு உயிர் பெற்று மூன்று சுற்றுகள் அழகாக ஏறுகிறது. நான்காவது சுற்றில், ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு கொடுக்கைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கொடுக்கு.

சாக்கெட்டை மாற்றிப் பார்த்தான். கிரிஸ்டலை மாற்றிப் பார்த்தான். மெமரி சிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தான். கரண்டில் ஏற்ற இறக்கம் இருக்குமோ என்று வேறு பவர் சப்ளை கொடுத்தான். பெட்டியிலிருந்து இன்னொரு புது பிராசசர் எடுத்துப் போட்டான். நண்டுக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை.

மத்தியானம் செபாஸ்டின் வந்தான். பலகை அவனுடையது, பழைய விளையாட்டுகளுக்கென்றே ஒரு கூடம் திறக்கப் போகிறான். முப்பது வயசு, பொறுமை கம்மி.

"என்னங்ணா, நண்டு நகந்துச்சுங்ளா?"

"மூணு ரவுண்டு நகருது. அப்பறம் நின்னுக்குது."

"புதுச் சிப்பு பொருந்தும்னு போட்டிருக்குதேங்ணா."

"போட்டிருக்குது. எழுதறவனுக்கு என்ன, எழுதீட்டுப் போயிட்டான். நானல்லொ குந்தீட்டு இருக்கறேன்."

செபாஸ்டின் பெஞ்சின் ஓரத்தில் திறக்காமல் கிடந்த சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தான். நல்லசிவத்தின் மழிக்காத தாடையைப் பார்த்தான். "ஏனுங்ணா, வீட்ல அக்காளோட ஏதாச்சும் சண்டைங்ளா?"

"சண்டையெல்லாம் இல்ல. சிப்புத்தான் கோளாறு."

"எந்தச் சிப்புங்ணா?"

நல்லசிவம் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். செபாஸ்டின் புதனுக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

இரண்டு சிப்பு இருந்தது, அதுதான் விஷயம். மற்றொன்று நல்லசிவத்தின் மனைவி சம்பூரணத்தின் இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் சிங்காநல்லூரில் ஸ்கூட்டரோடு லாரியில் மோதித் தலையில் அடிபட்டது. பேச்சும் ஞாபகமும் பாதி போயிருந்தது. அறுந்த இடங்களுக்கு நடுவே பாலம் போடுவதற்காக ஒரு பிராசசரை உள்ளே வைத்தார்கள். உடம்புக்குள் வைக்கப் பழைய எளிய ரகம்தான் நல்லது, சூடாகாது, அதிகம் யோசிக்காது என்று அப்போது முடிவு செய்திருந்ததால், அது நண்டுப் பலகையில் இருந்த பிராசசரின் வம்சத்திலேயே வந்தது. அதன் ஆயுள் முடிந்தது. அதைச் செய்தவர்களும் கடை மூடிவிட்டார்கள். இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிப்பு வைத்தார்கள். அதன் உறையிலும் "நூறு சதம் பொருந்தும்" என்றுதான் போட்டிருந்தது.

பழைய சிப்பில் ஒரே ஒரு கோணல் இருந்தது. சம்பூரணம் எல்லாவற்றையும் சரியாகப் பேசுவாள், புருஷனைக் கூப்பிடும்போது மட்டும் சறுக்கும். "ஏனுங்க" என்று வர வேண்டிய இடத்தில் "தோசைக்கல்லு" என்று வரும். "தோசைக்கல்லு, டீ ஆறுது பாருங்க." "தோசைக்கல்லு, செருப்ப வெளிய கழட்டுங்க." ஒரு கல்யாணத்தில், சம்பந்திகள் கூடி நின்ற இடத்தில், "தோசைக்கல்லு, பந்திக்கு வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டுவிட்டாள். மண்டபமே சிரித்தது. நல்லசிவத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷத்தில் பழகியது. ஐந்து வருஷத்தில் பிடித்துப்போனது. பாத்திரக் கடையைத் தாண்டும்போது யாராவது தோசைக்கல் விலை கேட்டால் இவன் திரும்பிப் பார்ப்பான். அவளும் சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றிருந்தார். மிச்சம் இரண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இந்தச் சிரிப்பில் அந்த இரண்டும் வந்து சேர்ந்துவிட்டது என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டான்.

புதுச் சிப்பு வைத்த பிறகு தோசைக்கல் போனது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

"டீ இருக்குது" என்பாள், ஜன்னலைப் பார்த்து. "சோறு ஆறிப்போயிரும்." "கரண்ட் ஆபீஸ் ஆள் வந்துட்டுப் போனாரு." செய்தி வாசிப்பது மாதிரி. ஓசூரில் படிக்கும் மகளிடம் போனில் கண்ணு, தங்கம் என்று அரை மணி நேரம் பேசினாள். பால்காரத் தம்பியிடம் பேசினாள். பக்கத்து வீட்டாரிடம் சிரித்துப் பேசினாள். நல்லசிவத்திடம் மட்டும் வாங்க இல்லை, போங்க இல்லை, வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற "ங்க" கூட இல்லை.

கல்யாணமான யாரைக் கேட்டிருந்தாலும் இது என்ன பேச்சு என்று ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். நல்லசிவம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். சிப்பில் கோளாறு என்றான்.

பத்தாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். டாக்டர் ஹசீனா நரம்புச் சிப்புகளை வைக்கிறவர், நல்ல மனுஷி, ஆனால் திரையில் இருப்பதைத்தான் நம்புவார். அறுநூறு கேள்வி கேட்டுச் சோதித்தோம், அறுநூறுக்கும் சரியான பதில், நூறு சதம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நல்லசிவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைய ஒரு வார்த்த கூப்புடறதில்லீங்களே மேடம், அத எந்தக் கேள்வியில கேட்டீங்க?" என்று மேசையைத் தட்டிவிட்டான். அவர் கோபப்படவில்லை. "கோளாறுன்னு காட்டற மாதிரி ஏதாவது கொண்டாங்க, பார்க்கறேன்" என்றார். அவன் கதவை வேகமாகச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம் பஸ்ஸில் வழி முழுக்க வெட்கப்பட்டான்.

செபாஸ்டின் போன பிறகு நல்லசிவம் கடைசியாக ஒன்று செய்து பார்த்தான். பலகையில் இருந்த நிரல் முழுவதையும் கம்ப்யூட்டரில் இறக்கி, பிராசசர் நிற்கும் இடத்தில் என்ன ஆணை வருகிறது என்று எண் எண்ணாகப் படித்தான். இந்த ரகப் பிராசசருக்கு இருநூற்று ஐம்பத்தாறு எண்களில் ஆணை கொடுக்கலாம். அதில் நூற்றைம்பத்தொன்றுக்குத்தான் கையேட்டில் வேலை எழுதியிருக்கும். மிச்சம் காலி என்பார்கள். ஆனால் பழைய சிப்பில் அந்தக் காலி எண்களும் ஏதோ ஒன்றைச் செய்யும். செய்ய வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை, உள்ளே கம்பி போன வாக்கில் அமைந்துபோன தவறு. நண்டு விளையாட்டை எழுதிய புண்ணியவான் அந்தத் தவறைக் கண்டுபிடித்து, நான்காவது சுற்றில் அதையே வேலைக்கு வைத்திருந்தான். பின்னால் வந்தவர்கள் சிப்பைத் திருத்தினார்கள். காலி எண் வந்தால் சும்மா தாண்டிப் போ என்று வைத்தார்கள். சிப்பு சரியாகிவிட்டது, நண்டு நின்றுவிட்டது.

நல்லசிவம் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் தானாகச் சிரித்தான். பிறகு அந்தத் தவறு செய்த வேலையையே கையேட்டில் உள்ள ஆணைகளால் எழுதி, புது மெமரியில் ஏற்றிச் செருகினான். நண்டு நான்காவது சுவரின் உச்சிக்குப் போனது. அவன் ஐந்தாவது சுற்று ஆடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான்.

டாக்டர் ஹசீனா இந்தத் தடவை முழுதாகக் கேட்டார். "அப்ப, பழைய சிப்பு செஞ்ச தப்ப நம்பி ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டிருந்திருக்கும்ங்கறீங்க."

"ஆமாங்க மேடம். உங்க சோதனையில கையேட்டுல இருக்கறத மட்டும் கேப்பீங்க. இல்லாதத எப்படிக் கேப்பீங்க?"

அவர் சம்பூரணத்தின் பழைய சிப்பு விட்டுச்சென்ற பதிவைத் திறந்தார். தேடச் சொல்லிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். கணக்கு வந்தது. பதினொரு வருஷத்தில் பழைய சிப்பு நாற்பத்தொரு இடங்களில் கையேட்டில் இல்லாத வழியில் போயிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க நல்லசிவம் சார். நீங்க சொன்னது சரி" என்றார் டாக்டர். மூன்று வாரத்தில் முதல் முறையாக நல்லசிவத்துக்கு மூச்சு லேசானது. அவர் திரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார். "தோசைக்கல்லு இங்க இருக்கு பாருங்க. உங்களக் கூப்பிடற சொல் இருக்க வேண்டிய இடம் காலி. காலியா இருந்தா பழைய சிப்பு பக்கத்துல என்ன இருக்கோ அத எடுத்துக்கும். பக்கத்துல அடுக்களைச் சாமான் இருந்திருக்கு. புதுசு அப்படிச் செய்யாது. காலின்னா காலின்னு விட்டுரும்."

"அடிபட்டதுல காலியாயிருச்சுங்ளா?"

"இல்லையே. ஆபரேஷன் அன்னிக்கு எடுத்த வரைபடத்துலயே அந்த இடத்துல காயம் இல்ல. விபத்துக்கு முன்னாடி எட்டு மாசமா அந்தச் சொல்ல அவங்க பயன்படுத்தவே இல்லன்னு தெரியுது. ஏன்னு சிப்புக்குத் தெரியாது." அவர் அடுத்த இடத்துக்குப் போனார். "இது இன்னும் விசேஷம். அந்த எட்டு மாசத்துப் பக்கம் நினைப்பு போனா பழைய சிப்பு ஒரே தாவாத் தாவி வெளிய வந்துரும். புதுசு தாவாது. அவங்களுக்கு அந்த மாசமெல்லாம் இப்ப ஞாபகம் வந்திருக்கும். நல்ல விஷயம்தானே சார்?"

நல்லசிவம் தண்ணீர் கேட்டான்.

அந்த எட்டு மாசம் அவனுக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. சம்பூரணம் பி.எட். முடித்து, பரீட்சை எழுதி, ஆறு வருஷம் காத்திருந்தாள். ஒரு நாள் பதிவுத் தபாலில் வேலை உத்தரவு வந்தது. திருவாடானைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பதினைந்து நாளில் சேர வேண்டும். அவள் கடைக்குப் போயிருந்தாள், கையெழுத்துப் போட்டு வாங்கியது இவன். திருவாடானை எங்கே, கோயம்புத்தூர் எங்கே. பிள்ளை மூன்றாவது படிக்கிறாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சர்க்யூட் பலகை வருகிற வெள்ளிப் பைக்குள் செருகி வைத்தான். பதினைந்து நாளும் நாளைக்கு என்றே போயிற்று. கூட எழுதியவர்களுக்கெல்லாம் வேலை வந்துவிட, அவள் நேரில் போய் விசாரித்தாள். எடுத்துக் காட்டினார்கள், ஒப்புகைச் சீட்டில் புருஷன் கையெழுத்து. வீட்டுக்கு வந்து ஒரு சண்டை போடவில்லை. அன்றையிலிருந்து ஜன்னலைப் பார்த்து, "சோறு இருக்குது" என்றாள். எட்டு மாசம் அப்படியே. அப்புறம்தான் அந்த லாரி.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுக்கு அதில் எதுவும் ஞாபகம் இல்லை. "தோசைக்கல்லு" என்று கூப்பிட்டு, சொன்னது தப்பென்று தெரிந்து, சிரித்தாள். நல்லசிவம் அழுதான். எல்லோரும் பாசம் என்றார்கள். பாசமும்தான்.

ஆக இந்த ஜன்னல் பேச்சு அவனுக்குப் புதிதில்லை. முதல் நாள், "டீ இருக்குது" என்று கேட்டபோதே தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தூக்கிச் சிப்பின் தலையில் போட்டுவிட்டு, இருபத்து மூன்று நாளாக அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

"பழையபடி ஆக்க முடியுங்ளா மேடம்?"

"முடியும். பழைய சிப்பு செஞ்ச தப்பையெல்லாம் புதுசையும் செய்ய வைக்க ஒரு வழி இருக்கு. ஆனா பொறுக்கி எடுக்க முடியாது, நாற்பத்தொண்ணும் மொத்தமாத் திரும்ப வரும். தோசைக்கல்லு வந்தா எட்டு மாசம் போயிரும்." அவர் ஒரு படிவத்தை அச்செடுத்து நீட்டினார். "அவங்க கையெழுத்து வேணும்."

"பேச்சுக்காகன்னு சொன்னாப் போதுங்ளா?"

டாக்டர் ஹசீனா நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டையும் சொல்லணும் சார். படிச்சுட்டுப் போடச் சொல்லுங்க."

வீடு வரும் வரை நல்லசிவம் சொல்வதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கினான். சத்தியமாகத்தான் நினைத்தான். சம்பூரணம் கூடத்தில் பாய் விரித்துத் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் கை தானாக அந்தப் படிவத்தை, கையெழுத்துப் பக்கம் மேலே வரும்படி மடித்தது.

"பேச்சு சரியாகறதுக்குக் குடுத்திருக்கறாங்க புள்ள. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுரு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையில் துடைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மடித்த காகிதத்தைப் பிரித்து, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். நல்லசிவத்துக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

"எட்டு மாசம்னு போட்டிருக்குது" என்றாள் காகிதத்திடம்.

அவன் குனிந்து சிதறிக் கிடந்த துவரங்காய்த் தோலைக் கூட்டி ஒதுக்கினான்.

"ரெண்டாம் நாளே வந்திருச்சு. பல்லு வெளக்கீட்டு இருந்தேன், அப்படியே வந்து நின்னுச்சு. தபால் ஆபீஸ் சீலு, தேதி, எல்லாம்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, எதிரே இருப்பவனை வேறு யாரோ மாதிரிச் சொன்னாள். "இப்பவாச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பட்டறைக்குப் போனாங்க. நண்டுக்கு வைத்தியம் பாத்தாங்க. மண்டைக்குள்ள கோளாறுன்னு டாக்டர்கிட்டப் போயி மேசையத் தட்டுனாங்களாமா. எல்லாம் பண்ணுனாங்க."

"நாந்தான் ஒளிச்சு வெச்சேன்" என்றான் நல்லசிவம். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் இது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. "போயிருவியோன்னு பயம். தப்புத்தான் புள்ள."

"தப்புன்னு எனக்குத் தெரியும்."

"அதுக்கப்பறம் பதினொரு வருஷம் நல்லாத்தான இருந்தோம்? சிரிச்சுப் பேசீட்டு?"

"இருந்தோம்." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "அதுதான் ஆத்தரமா வருது. சிரிச்சது நானா, அந்தப் பழைய சிப்பான்னு தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், தெரியல. திட்டலாம்னு வாயெடுத்தா அந்தச் சிரிப்பு வந்து குறுக்க நிக்குது. சிரிக்கலாம்னா இது நிக்குது."

நல்லசிவம் தரையில் உட்கார்ந்தான். வெளியே யாரோ மோட்டாரைப் போட்டார்கள், மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் படிவத்தை இரண்டாக மடித்து, கிழிக்காமல், கையெழுத்தும் போடாமல், துவரங்காய்த் தோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலைல ஆறு மணிக்கு மதுரை பஸ். அங்கிருந்து திருவாடானை."

"அங்க யாரு இருக்கறாங்க?"

"யாருமில்ல. அந்தப் பள்ளிக்கூடம் இருக்குது. எப்படி இருக்குதுன்னு ஒரு தடவ பாக்கோணும். எங்க நின்னு பாடம் நடத்தியிருப்பேன், எந்த ஜன்னல் வழியா என்ன தெரியும்னு பாக்கோணும். பாத்துட்டு வந்து, இது எனக்கு வேணுமா, மறந்துட்டு இருக்கறதே மேலான்னு நானே முடிவு பண்ணிக்கறேன்."

"தனியாவா போவ? வெயிலு. ரெண்டு பஸ் மாறோணும். நானும் கூட வரட்டுமா?"

சம்பூரணம் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று நாளில் முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம்."

நீங்க. அவனைப் பார்த்து, அவனுக்கென்று, அவளே சொன்ன சொல். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு தடவை சொல்வாளா என்று நல்லசிவம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு எழுந்து, பரண் மேலிருக்கும் அவள் பெட்டியை இறக்கித் தர ஸ்டூலைத் தேடிப் போனான்.